தேயிலைச் செடியும் அதன் முக்கிய வகைகளும்

நெற்செய்கையில் ஈடுபடும் கமக்காரர் ஒருவர் தமது வயலுக்கு ஒவ்வாத நெல்லினத்தை விதைத்துவிட்டால், அதனால் வரும் நட்டம் ஒரு போகத்தோடு முடிந்துவிடும். அடுத்த போகத்தில் வேறு விதைநெல்லைத் தேடிக்கொள்ளலாம். மரக்கறிச் செய்கையாளருக்கோ அவகாசம் இன்னும் அதிகம். போஞ்சி தவறினால் கோவா, கோவா தவறினால் கரட் என ஓராண்டுக்குள்ளேயே பயிரை மாற்றிப் பார்க்கலாம். தேயிலை அவ்வாறானதன்று. இன்று நட்ட செடி 30 ஆண்டுகளுக்கு மேலும் அதே இடத்தில் நிற்கும். அக்காலத்தில் பெரும்போகமும் சிறுபோகமும் செய்யும் ஒருவர் 60 தடவை தமது விதையை மாற்றலாம். தேயிலை நட்டவரோ ஒரு தடவை தெரிந்ததைக் கொண்டே காலத்தைக் கழிக்கவேண்டும்.

மலைநாட்டிலும், சப்பிரகமுவ, தென் மாகாணங்களிலும் பள்ளத்தில் வயலும் மேட்டில் தேயிலையுமாக வாழும் குடும்பங்கள் பல உள. மரக்கறித் தோட்டத்தின் ஒரு புறத்தில் கால் ஏக்கர், அரை ஏக்கர் தேயிலை வைத்திருப்போரும் உளர். இன்று இலங்கையில் உற்பத்தியாகும் தேயிலையில் மூன்றில் இரண்டு பங்கிற்கு மேற்பட்டது இத்தகைய சிறுபற்று நிலங்களிலிருந்தே கிடைக்கின்றது. ஆகவே தேயிலைச் செடி எத்தகையது, அதன் வகைகள் எவை, அவை ஒன்றிலிருந்து ஒன்று எவ்வாறு வேறுபடுகின்றன என்பவற்றை நடுவதற்கு முன்னரே அறிந்துகொள்வது கமக்காரரின் கடமையாகும்.

செடியின் இயல்பு

தேயிலை என்றும் பசுமையான ஒரு மரம். தோட்டங்களில் இடுப்பளவு உயரத்தில் மேசைபோலப் பரந்து நிற்பதைக் கண்டு பலர் அதனை இயல்பாகவே குட்டையான செடி என எண்ணுகின்றனர். கொழுந்து பறிப்பதற்கு வசதியாக, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கவ்வாத்து வெட்டி நாமே அதனை அந்த உருவத்தில் வைத்திருக்கின்றோம். வெட்டாது விட்டால் அது தன் வகைக்கேற்ற உயரத்திற்கு வளர்ந்து, பூத்துக் காய்க்கும். பூ வெண்ணிறமானது, நடுவில் மஞ்சள் நிறமான கேசரங்கள் செறிந்திருக்கும். காயினுள் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று விதைகள் வரை காணப்படும்.

தாவர நூலார் இச்செடிக்கு வழங்கும் பெயர் கமெலியா சைனென்சிஸ் என்பதாகும். பூந்தோட்டங்களில் அழகுக்காக வளர்க்கப்படும் கமெலியாச் செடிகளும் இதே குலத்தைச் சேர்ந்தவையே. 1753ஆம் ஆண்டில் சுவீடன் தேசத்து அறிஞர் லின்னேயசு இதனைத் தேயா சைனென்சிஸ் எனப் பெயரிட்டார். பிற்காலத்தார் அதனைக் கமெலியாக் குலத்துடன் சேர்த்தனர். சீனாவின் தென்மேற்கு, பர்மாவின் வடபகுதி, இந்தியாவின் அஸ்ஸாம் ஆகியன ஒன்றையொன்று தொடும் மலைப்பிரதேசமே இதன் பிறப்பிடம் எனக் கொள்ளப்படுகின்றது.

இங்கு ஒரு தவறான எண்ணத்தையும் நீக்கவேண்டும். பச்சைத் தேயிலை ஒரு செடியிலிருந்தும், கறுப்புத் தேயிலை வேறொரு செடியிலிருந்தும் கிடைப்பதாகச் சிலர் கருதுகின்றனர். இரண்டும் ஒரே செடியின் கொழுந்தே. கொழுந்தை வாட்டி, உருட்டி, காற்றுப்பட நிறம் மாறவிட்டு, பின்னர் உலர்த்தினால் கறுப்புத் தேயிலை கிடைக்கும். பறித்த உடனேயே ஆவியிலோ சூட்டிலோ இட்டு அந்நிறமாற்றத்தைத் தடுத்துவிட்டால் பச்சைத் தேயிலை கிடைக்கும். எனினும் எந்த வகைக் கொழுந்து எதற்கு நன்கு பொருந்தும் என்பதில் வேறுபாடு உண்டு. அதனைக் கீழே காண்க.

மூன்று முக்கிய வகைகள்

உலகில் பயிரிடப்படும் தேயிலை யாவும் சீன வகை, அஸ்ஸாம் வகை, கம்போடிய வகை என்னும் மூன்றிலிருந்தோ அவற்றின் கலப்பிலிருந்தோ தோன்றியவையே. இம்மூன்றும் ஒன்றோடொன்று இலகுவிற் கலந்து முளைக்கத்தக்க விதையைத் தருவதால், இவற்றை ஒரே இனத்தின் உட்பிரிவுகளாகக் கொள்வதே வழக்கம்.

சீன வகை: இது அடியிலிருந்தே பல தண்டுகள் கிளைக்கும் புதர். வெட்டாது விட்டாலும் ஏறத்தாழ 10 அடிக்கு மேல் வளர்வதில்லை. இலை சிறியது, 2 அல்லது 3 அங்குல நீளம் இருக்கும். தடித்தும், கரும்பச்சை நிறமாயும், மினுமினுப்புக் குறைந்தும், ஓரத்தில் தெளிவான பற்களைக் கொண்டும் காணப்படும். இலைகள் மேல்நோக்கி நிமிர்ந்து நிற்பதால் சூரியஒளி புதரின் உட்பகுதிக்கும் செல்லும். குளிரையும் உறைபனியையும் தாங்கும் ஆற்றல் இதற்கே அதிகம். ஆயின் கொழுந்து சிறியதாகையால் ஒரு கூடையை நிரப்புவதற்கு அதிக எண்ணிக்கையான கொழுந்துகளைப் பறிக்கவேண்டும். பூக்கும் இயல்பும் இதற்கு மிகுதி. யப்பானிலும் சீனாவின் பல பகுதிகளிலும் பச்சைத் தேயிலைக்காகப் பயிரிடப்படுவது பெரும்பாலும் இவ்வகையே. இந்தியாவின் டார்ஜிலிங் மலைகளிலும் பழைய தோட்டங்கள் சீன விதையைக் கொண்டே உண்டாக்கப்பட்டன.

அஸ்ஸாம் வகை: இது ஒற்றை அடிமரத்தைக் கொண்ட மரம். காட்டில் 30 முதல் 50 அடி வரை வளரும். இலை 6 முதல் 8 அங்குலம் வரை நீண்டு, மெல்லியதாயும் வெளிர்பச்சையாயும் பளபளப்பாயும் இருக்கும். நுனி கூர்ந்து, இலை கிடையாகவோ கீழ்நோக்கிச் சாய்ந்தோ தொங்கும். கொழுந்து பெரியது, நிறை கூடியது. இதன் சாற்றில் துவர்ப்பைத் தரும் பதார்த்தங்கள் மிகுந்திருப்பதால் நிறமும் திடமும் கொண்ட கறுப்புத் தேயிலைக்கு மிகப் பொருத்தமானது. வெப்பமும் மழையும் நிறைந்த இடங்களில் செழித்து வளரும், கடுங்குளிரைத் தாங்காது.

கம்போடிய வகை: இது முன்னைய இரண்டுக்கும் இடைப்பட்டது. பல தண்டுகள் நேராக மேலெழும் சிறு மரமாக 20 அடிக்கு மேலும் வளரும். இலையின் அளவும் சீன இலைக்கும் அஸ்ஸாம் இலைக்கும் நடுவானது. சரிவாக நிமிர்ந்து நிற்கும். இளம் இலைகளிலும் இலைக்காம்பிலும் செந்நிறச் சாயல் காணப்படுவதுண்டு. தனியாகப் பயிரிடப்படுவதைவிடக் கலப்பினங்களை உண்டாக்குவதற்கே இது பெரிதும் பயன்பட்டுள்ளது.

தோட்டத்தில் நிற்கும் ஒரு செடி எவ்வகையைச் சார்ந்தது என அறிய விரும்புவோர் இலையின் அளவு, நிறம், அது நிற்கும் கோணம், அடித்தண்டின் எண்ணிக்கை ஆகிய நான்கையும் சேர்த்துப் பார்த்தல்வேண்டும். அவற்றுள் ஒன்றை மாத்திரம் கொண்டு முடிவுசெய்தல் ஆகாது. ஏனெனில் நமது மலைகளில் தூய சீனச் செடியோ தூய அஸ்ஸாம் செடியோ காண்பது அரிது. நூறு ஆண்டுக்கு மேலாக அவை ஒன்றோடொன்று கலந்துள்ளன.

இலங்கைக்கு வந்த வரலாறு

1823ஆம் ஆண்டில் றொபேட் புறூஸ் என்பவர் அஸ்ஸாமில் காட்டுத் தேயிலை வளர்வதை அறிந்தார். அப்பகுதியில் வாழும் சிங்போ மக்கள் அதனை முன்னரே அறிந்து பயன்படுத்தி வந்தனர். அதற்கு மறு ஆண்டு, 1824இல், சீனாவிலிருந்து கொண்டுவரப்பட்ட தேயிலைச் செடி பேராதனைப் பூங்காவில் நடப்பட்டது. 1839இல் அஸ்ஸாம் விதைகள் கல்கத்தாப் பூங்காவிலிருந்து பேராதனைக்கு வந்து சேர்ந்தன. 1841இல் மொறிஸ் வேம்ஸ் என்பவர் சீனச் செடிகளைப் புசல்லாவையிலுள்ள றொத்சைல்ட் தோட்டத்தில் நட்டார். இவ்வாறு இரு வகைகளும் மிக முன்னரே இந்நாட்டிற்கு வந்துவிட்டபோதிலும், அக்காலத்தில் கோப்பியே செல்வப் பயிராக விளங்கியமையால் தேயிலையை எவரும் பெரிதாகக் கருதவில்லை.

1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெயிலர் என்னும் ஸ்கொத்லாந்து நாட்டவர் ஹேவாஹெட்டப் பகுதியிலுள்ள லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலையைப் பயிரிட்டார். வியாபார நோக்குடன் செய்யப்பட்ட முதற்செய்கை இதுவே. அவர் பயன்படுத்தியது அஸ்ஸாம் கலப்பு விதையாகும். 1873இல் 23 இறாத்தல் தேயிலை இங்கிருந்து இலண்டனுக்கு அனுப்பப்பட்டது.

அதற்கிடையில் 1869இல் கோப்பி இலையில் துரு நோய் தோன்றியது. மலைநாடு முழுவதும் பரந்திருந்த கோப்பி ஏறத்தாழ ஒரே தன்மையானது. ஒரு செடியைத் தாக்கிய பங்கசு எல்லாச் செடியையும் தாக்கியது. நோயை ஆராய்வதற்காக 1880இல் இங்கு வந்த மார்ஷல் வார்ட் என்னும் அறிஞர் அதன் காரணத்தைத் தெளிவாக விளக்கினார். ஆயின் அதற்குள் காலம் கடந்துவிட்டது. கோப்பி அழிந்த நிலங்களில் தேயிலை நடப்பட்டது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தேயிலை நிலம் ஏறத்தாழ 4 இலட்சம் ஏக்கராகப் பெருகியது. தமிழ்நாட்டிலிருந்து வந்து கோப்பிக் காடுகளில் உழைத்தவர்களும், அவர்களைத் தொடர்ந்து வந்தவர்களுமே இம்மலைகளைத் தேயிலை மலைகளாக்கினர். கொழுந்து, கவ்வாத்து, தவறணை என இன்று நாம் வழங்கும் சொற்கள் அவர்களுடைய வாய்மொழியில் வழங்கியவை.

கோப்பியின் அழிவை இங்கு நினைவூட்டுவதற்குக் காரணம் உண்டு. ஒரே தன்மையான செடிகளால் ஒரு நாட்டின் மலைகளை நிரப்புவதில் உள்ள ஆபத்தை அது காட்டுகின்றது. தேயிலையின் வகைகளைப் பற்றிப் பேசும்போது அப்பாடத்தை மறத்தலாகாது.

விதைத் தேயிலை

நெல் தன் மகரந்தத்தினாலேயே கருக்கட்டும் பயிர். ஆகையால் நல்ல நெல்லினத்தின் விதையை எடுத்து விதைத்தால் பெரும்பாலும் தாயைப் போன்ற பயிரே கிடைக்கும். தேயிலை அதற்கு மாறானது. அதன் பூ தன் பூந்தாதினால் கருக்கட்டுவது மிக அரிது. தேனீ முதலிய பூச்சிகள் வேறு செடியிலிருந்து கொண்டுவரும் தாதே அதற்கு வேண்டும். சோளத்தை வேற்றினச் சோளத்திற்கு அருகில் விதைத்தவர்கள் விதை கலந்துவிடுவதை அறிவர். தேயிலையில் ஒவ்வொரு விதையும் அத்தகைய கலப்பே.

இதன் பயனாக, விதையால் உண்டாக்கிய மலையில் இரண்டு செடிகள்கூட முற்றிலும் ஒத்திருப்பதில்லை. ஒன்று பெரிய இலையுடன் அஸ்ஸாம் வகையைச் சாரும். அடுத்தது சிறிய இலையுடன் சீன வகையைச் சாரும். ஒன்று நிறையக் கொழுந்து தரும். மற்றொன்று பூத்துக்கொண்டே நிற்கும். தோட்டத்துரைமார் விதையின் பிறப்பை ‘ஜாட்’ எனக் குறிப்பிட்டு, அஸ்ஸாம் தன்மை மிகுந்ததை உயர்ந்த ஜாட் என்றும், சீனத் தன்மை மிகுந்ததைத் தாழ்ந்த ஜாட் என்றும் வழங்கினர். இப்பெயர் விளைச்சலை மாத்திரம் நோக்கியதேயன்றிச் செடியின் ஏனைய குணங்களை நோக்கியதன்று.

விதைத் தேயிலைக்குச் சில நன்மைகள் உள. விதையிலிருந்து வளரும் செடிக்கு ஆணிவேர் உண்டு. அது ஆழத்திற் சென்று நீரை உறிஞ்சும். ஆகையால் வரட்சியில் விதைத் தேயிலை நெடுநாள் தாக்குப்பிடிக்கும். மேலும், செடிக்குச் செடி வேறுபாடு இருப்பதனால் ஒரு நோய் வந்தாலும் எல்லாச் செடியும் ஒருசேர விழுந்துவிடுவதில்லை. நூறு ஆண்டைக் கடந்த விதைத் தேயிலை மலைகள் இன்றும் கொழுந்து தந்துகொண்டிருக்கின்றன. ஆயின் விளைச்சல் சராசரியில் குறைவு என்பதே அதன் பெருங்குறை.

பதிய வகைகள்

ஒரு மலையில் ஆயிரம் செடிகள் நின்றால், அவற்றுள் மிகச் சிலவே எல்லா வகையிலும் சிறந்து விளங்கும். அச்சிறந்த செடியின் விதையை எடுத்தால் அதன் குணம் மாறிவிடும் என்பதை மேலே கண்டோம். எனவே விதையின்றி அச்செடியையே பெருக்குவதற்கு வழி தேடப்பட்டது. 1925இல் நிறுவப்பட்டு, பின்னர் தலவாக்கலை சென்ட் கூம்ஸ் தோட்டத்தில் நிலைபெற்ற தேயிலை ஆராய்ச்சி நிலையம் 1930களில் இம்முயற்சியில் ஈடுபட்டது. ஓர் இலையும் அதன் கணுவும் கொண்ட சிறு தண்டுத் துண்டத்தை மண்ணில் ஊன்றி வேர்விடச் செய்யும் முறை அதன் பயனாகக் கைவந்தது. 1950களின் பிற்பகுதிக்குப் பின்னர் மறுநடுகை பெருகியபோது இம்முறை நாடெங்கும் பரவியது. இவ்வாறு ஒரே தாய்ச்செடியிலிருந்து பெருக்கப்பட்ட செடிகளின் கூட்டத்தைப் பதிய வகை என்கிறோம். தோட்டங்களில் இதனை ‘வீ.பீ. தேயிலை’ என்பர்.

துண்டம் எடுக்கும் முறையைச் சுருக்கமாகக் கூறுவோம். இதற்கென ஒதுக்கிய தாய்ச்செடிகளைக் கவ்வாத்து வெட்டி, புதிய கிளைகளைச் சில மாதங்கள் பறிக்காது வளரவிடவேண்டும். கிளையின் மிக இளம் நுனியையும் முற்றிய அடியையும் நீக்கி, நடுப்பகுதியை மாத்திரம் காலை வேளையில் வெட்டியெடுத்து நீரில் இடவேண்டும். ஒவ்வொரு துண்டத்திலும் ஓர் இலையும், அதன் கீழ் ஓர் அங்குலத்திற்குச் சற்று மேற்பட்ட தண்டும் இருத்தல்வேண்டும். அமிலத்தன்மையுள்ள மண் நிரப்பிய பொலித்தீன் உறையில் இதனை ஊன்றி, நிழலிலும் ஈரப்பதத்திலும் வைத்தால் வேர்விடும். ஏறத்தாழ ஓராண்டில் நடுவதற்குரிய செடியாகும். நடுவதற்கு முன்னர் நிழலைப் படிப்படியாகக் குறைத்துச் செடியை வெயிலுக்குப் பழக்கவேண்டும்.

இன்று வழக்கிலுள்ள பதிய வகைகள் இரண்டு வழிகளில் வந்தவை. சில, தோட்டங்களிலேயே சிறந்த செடிகளைப் பார்த்துத் தெரிந்தெடுக்கப்பட்டவை, சீ.வை. 9, டீ.டீ. 1 என்பன போன்றவை இவ்வகையின. ஏனையவை ஆராய்ச்சி நிலையம் வெளியிட்டவை, டீ.ஆர்.ஐ. என்னும் எழுத்துகளும் இலக்கமும் கொண்டவை. 2000 வரிசையில் டீ.ஆர்.ஐ. 2023, 2025, 2026 முதலியன பரவலாக நடப்பட்டன. அதன் பின்னர் 3000, 4000, 5000 வரிசைகளும் வெளிவந்தன.

ஒரே வரிசையில் வந்தவையாயினும் இவை குணத்தில் ஒன்றல்ல. டீ.ஆர்.ஐ. 2025 வரட்சியைத் தாங்கும் வகை எனப் பெயர்பெற்றது; அதன் அருகிலக்கமான டீ.ஆர்.ஐ. 2023 வரட்சியில் இலகுவாகச் சோர்ந்துவிடும். டீ.ஆர்.ஐ. 2043இன் மொட்டில் வெண்ணிற மென்மயிர் செறிந்திருப்பதால், மொட்டை மாத்திரம் பறித்து உலர்த்தும் விலையுயர்ந்த வெள்ளிநிறத் தேயிலைக்கு அதனைப் பயன்படுத்துகின்றனர். ஆகவே இலக்கத்தை மாத்திரம் கேட்டுச் செடி வாங்குவது போதாது. அந்த இலக்கத்தின் குணத்தையும் கேட்டறிதல்வேண்டும்.

ஒரே வகையை நம்புவதில் உள்ள ஆபத்து

பதிய வகைகளால் விளைச்சல் உயர்ந்தது என்பதில் ஐயமில்லை. எனினும் அவற்றோடு வந்த கேட்டையும் கமக்காரர் அறிதல்வேண்டும். ஒரு தாயின் துண்டங்களால் நிரப்பப்பட்ட மலையில் ஒவ்வொரு செடியும் அத்தாயே. அத்தாய்க்கு எது பகையோ அது மலை முழுவதற்கும் பகையாகும். மேலும், துண்டத்திலிருந்து வளர்ந்த செடிக்கு உண்மையான ஆணிவேர் இல்லை. ஆகையால் ஆழமற்ற மண்ணில் வரட்சி வந்தால் முதலில் வருந்துவது அதுவே.

1946ஆம் ஆண்டில் கொப்புள நோய் இலங்கைக்கு வந்தது. இளம் இலையில் ஒளிபுகும் புள்ளியாகத் தோன்றி, பின்னர் இலையின் அடிப்புறத்தில் வெண்ணிறக் கொப்புளமாக உப்பும் இந்நோயை ஒரு பங்கசு உண்டாக்குகின்றது. மூடுபனியும் தூறலும் தொடர்ந்து இலை ஈரமாயிருக்கும் காலங்களில் இது உயர்மலைகளில் விரைந்து பரவும். கவ்வாத்தின் பின்னர் துளிர்க்கும் இளங்கொழுந்தைக் கடுமையாகத் தாக்கும். அக்காலத்து மலைகள் பெரும்பாலும் விதைத் தேயிலையாகையால், ஒரே மலையில் சில செடிகள் மோசமாகக் கெட, அடுத்த செடிகள் நோயைத் தாங்கி நின்றன. மலை முழுவதும் நோய்க்கு இளகிய ஒரே பதிய வகையாக இருந்திருந்தால், அவ்வாறு தாங்கி நிற்கும் செடி ஒன்றுகூட அங்கு இருந்திராது.

இடைநிலத்திலும் தாழ்நிலத்திலும் தண்டைத் துளைக்கும் சிறு வண்டு மற்றொரு பகைவன். எள்ளளவேயான இவ்வண்டு தண்டினுள் சுரங்கம் அமைத்து, அதில் ஒரு பங்கசை வளர்த்துத் தன் குஞ்சுகளுக்கு உணவாக்குகின்றது. துளைபட்ட கிளை காற்றிலும், கொழுந்து பறிப்பவர் கைபட்டும் முறிந்துவிடும். இதனைத் தாங்கும் ஆற்றலும் வகைக்கு வகை வேறுபடும்.

இன்னொன்றும் உண்டு. 2000 வரிசையில் வெளிவந்த வகைகள் பல ஏ.எஸ்.எம். 4/10 என்னும் ஒரே தாயின் வழித்தோன்றல்கள். ஆகவே இலக்கங்கள் வெவ்வேறாயினும் இரத்தத்தில் அவை உறவினரே. வேறு வேறு வகைகளை நட்டுவிட்டோம் என எண்ணும் ஒருவர், உண்மையில் ஒரே குடும்பத்தை நட்டிருக்கக்கூடும்.

யப்பானிலும் இதே கவலை தோன்றியுள்ளது. அங்கு யபுக்கித்தா என்னும் ஒரே வகை தேயிலை நிலத்தின் பாதிக்கும் மேற்பட்ட பரப்பை ஆட்கொண்டது. இவ்வாறு ஒரு வகையே பரந்து நிற்கும்போது கொழுந்து யாவும் ஒரே காலத்தில் பறிப்புக்கு வந்துவிடும். நோய் வந்தால் யாவும் ஒருசேரத் தாக்கப்படும். எனவே பிற வகைகளையும் சேர்த்து நடுமாறு அந்நாட்டுக் கமக்காரர் தூண்டப்பட்டு வருகின்றனர்.

இதற்குச் சிறு தோட்டக்காரர் செய்யத்தக்கது யாது? நிலம் சிறிதாயினும் ஒரே வகையால் முழுவதையும் நிரப்பாது, நிலத்திற்கேற்ற இரண்டு அல்லது மூன்று வகைகளைத் தெரிந்து நடுதல்வேண்டும். ஆயின் ஒரே வரிசையில் கலந்து நடலாகாது. வகைக்கு வகை கொழுந்து முதிரும் நாளும், கவ்வாத்தின் பின் துளிர்க்கும் வேகமும் வேறுபடுவதால், ஒவ்வொன்றையும் தனிப் பாத்தியாக வைத்தல் பறிப்பதற்கும் பராமரிப்பதற்கும் இலகுவாகும். பழைய விதைத் தேயிலை நன்கு விளையும் நிலையில் இருந்தால், அதனை அவசரப்பட்டுப் பிடுங்காது, இறந்த செடிகளின் இடங்களை மாத்திரம் நிரப்பிப் பேணுவதும் அறிவுடைமையாகும்.

நிலமும் வகையும்

இலங்கையில் 2,000 அடிக்குக் கீழ்ப்பட்டதைத் தாழ்நிலத் தேயிலை என்றும், 2,000 முதல் 4,000 அடி வரையுள்ளதை இடைநிலத் தேயிலை என்றும், அதற்கு மேற்பட்டதை உயர்நிலத் தேயிலை என்றும் வகுப்பர். உயரம் மாறும்போது வெப்பமும், பனியும், பீடைகளும் மாறுகின்றன. நுவரெலியாவில் தை, மாசி மாதங்களில் இரவில் உறைபனி விழுவதுண்டு. அங்கு பள்ளமான இடங்களில் குளிர்தாங்காத வகையை நட்டால் கொழுந்து கருகிவிடும். காலியிலோ மாத்தறையிலோ அக்கவலை இல்லை. அங்கு வரட்சியையும் தண்டுத் துளைப்பானையும் நோக்கியே வகையைத் தெரியவேண்டும். எனவே ஒரு மாவட்டத்தில் நல்ல பெயர்பெற்ற வகை எல்லா மாவட்டத்திற்கும் நல்லதென எண்ணலாகாது.

மரக்கறிச் செய்கையாளர் சிறப்பாகக் கவனிக்கவேண்டியது மண்ணின் அமிலத்தன்மையாகும். மரக்கறிக்கு அமிலத்தைக் குறைப்பதற்காக நாம் சுண்ணாம்போ டொலமைற்றோ இடுகின்றோம். தேயிலை அமில மண்ணையே விரும்பும், மண்ணின் பீ.எச். பெறுமானம் 4.5 முதல் 5.5 வரை இருப்பது நன்று. பல ஆண்டுகள் சுண்ணாம்பிட்டு மரக்கறி செய்த நிலத்தில் உடனே தேயிலையை நட்டால், எத்துணைச் சிறந்த வகையாயினும் மஞ்சளித்து வளர்ச்சி குன்றும். ஆகவே முதலில் மண்ணைப் பரிசோதிப்பித்தல் இன்றியமையாதது. அவ்வாறே தேயிலை பிடுங்கிய நிலத்தில் மரக்கறி செய்ய முயல்வோர் அந்த மண்ணின் மிகுந்த அமிலத்தைத் திருத்தாமல் நல்ல விளைச்சலை எதிர்பார்க்கமுடியாது. மரக்கறித் தோட்டத்து மண்ணைத் தேயிலைத் தவறணைக்கு எடுப்பதும் ஆகாது. வேர்முடிச்சை உண்டாக்கும் நுண்புழுக்கள் அதனூடாக இளஞ்செடியைத் தாக்கும்.

பழைய தேயிலையைப் பிடுங்கி மறுநடுகை செய்வோர், நிலத்தை ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுகள் வரை குவாத்தமாலாப் புல் அல்லது மானாப் புல்லின் கீழ் விட்டு, அதனை வெட்டி நிலத்திலேயே பரப்பி மண்ணைத் தேற்றவேண்டும். சரிவான நிலத்தில் சமவுயர வரிசையில் நட்டு, கான் வெட்டி மழைநீர் மண்ணை அரித்துச் செல்லாது காத்தல்வேண்டும். வரிசைக்கு வரிசை 4 அடியும் செடிக்குச் செடி 2 அடியுமாக நட்டால், ஓர் ஏக்கருக்குக் கணக்கின்படி 5,445 செடிகள் அமையும். கான்களுக்கும் பாதைகளுக்கும் விடும் இடத்தைக் கழித்தால் இத்தொகை குறையும். இவ்வளவு செடிகளை வாங்கி நட்டு, பலன் காணுமுன் சில ஆண்டுகள் செலவு செய்யவேண்டியிருப்பதால் வகையில் தவறுவது எத்துணை நட்டம் என்பதைக் கமக்காரரே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

வயல் நிலம் தேயிலைக்கு உகந்ததன்று. நீர் தேங்கும் மண்ணில் தேயிலையின் வேர் அழுகும். அன்றியும் 2000ஆம் ஆண்டின் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்படி, வயல் நிலத்தை அனுமதியின்றி நிரப்புவதோ வேறு தேவைக்குப் பயன்படுத்துவதோ குற்றமாகும். வயலை நெல்லுக்கு விட்டு, நீர்வடியும் மேட்டு நிலத்தையே தேயிலைக்குத் தெரிந்தெடுங்கள்.

செடி வாங்குவோருக்கு

தவறணைக்குச் செல்லும்போது பின்வருவனவற்றைக் கவனியுங்கள். பதிவுபெற்ற தவறணையிலிருந்தே செடிகளை வாங்குங்கள். வகையின் பெயரும் இலக்கமும் ஒவ்வொரு பாத்தியிலும் குறிக்கப்பட்டிருக்கின்றனவா எனப் பாருங்கள். ஒரு பாத்தியிலுள்ள செடிகள் யாவும் இலையின் அளவிலும் நிறத்திலும் கோணத்திலும் ஒத்திருத்தல்வேண்டும். சில பெரிய இலையும் சில சிறிய இலையுமாக இருந்தால் வகைகள் கலந்துள்ளன என்பது பொருள். ஏறத்தாழ 8 அங்குலத்திற்குக் குறைந்தவையும், வேர் சுருண்டவையும், நிழலிலிருந்து இன்னும் வெளிவராதவையும் ஆகிய செடிகளை விலக்குங்கள். விலை மலிவென்று பெயரறியாச் செடியை வாங்குவது பெருந்தவறாகும். எந்தப் பாத்தியில் எந்த வகையை எந்த ஆண்டில் நட்டீர்கள் என்பதை ஒரு கொப்பியில் எழுதிவையுங்கள். பிற்காலத்தில் நோயோ வரட்சியோ வரும்போது, எது தாங்கியது எது தாங்கவில்லை என்பதை அக்குறிப்பே உங்களுக்கும் உங்கள் பிள்ளைகளுக்கும் காட்டும்.

உங்கள் பகுதிக்கு விதந்துரைக்கப்படும் வகைகளையும், மறுநடுகைக்கான உதவிகளையும் அறியத் தேயிலைச் சிறுபற்று நில அபிவிருத்தி அதிகார சபையின் உத்தியோகத்தரை நாடுங்கள். ஆராய்ச்சி நிலையத்தின் அறிவுரைகளும் அவர் மூலமாகக் கிடைக்கும். நெல்லுக்கு விதையைத் தெரிவதில் நீங்கள் காட்டும் கவனத்தைத் தேயிலைக்குப் பன்மடங்காகக் காட்டுங்கள். மண்ணைப் பரிசோதிப்பித்து, வகையின் குணத்தைக் கேட்டறிந்து, ஒன்றுக்கு மேற்பட்ட வகைகளைத் தனித்தனிப் பாத்தியில் நடுவீர்களாயின், உங்கள் தேயிலை பல ஆண்டுகள் பலன் தரும் என்பது உறுதி.